பூந்தி இரை எடுக்கலை

உக்காருங்க அம்மிணி, நான் இப்படி நகந்துக்கறேன். உங்களுது யாரு உள்ள? அக்கா கொழந்தையா? கொறைமாசமா? அதெல்லாம் தேறிக்குமுங்க. இங்க கையளவு கொழந்தையெல்லாம் பொழைச்சுப் போயிருக்குதாம், நர்சம்மா சொன்னாங்க.

எங்க பேரனை இன்னைக்கு வூட்டுக்கு அனுப்பறாங்க. பையன் தரணி கீழ கையெழுத்துப் போடப் போயிருக்கறான், மருமக உள்ள பால் குடுத்துட்டு இருக்கறா. பொறந்து இன்னும் மாசம் முடியலை, அதுக்குள்ள ரெண்டு தடவை இங்க வந்தாச்சு. மொதத் தடவை மஞ்சக்காமாலைன்னு நீல லைட்டுக்கடியில போட்டாங்க. தேறிட்டான்னு வூட்டுக்குக் கொண்டு போனோம். நாலு நாள் நல்லா இருந்தான். மறுபடியும் மஞ்சளாயிட்டான், பால் குடிக்க மாட்டேன்னுட்டான், ஒண்ணுக்குப் போனா டீத்தண்ணியாட்டம் போகுது. ரத்தம் உடையுதுன்னாங்க இந்தத் தடவை. ரத்தம் என்னங்க கண்ணாடி டம்ளரா உடையறதுக்கு? யாரோ புண்ணியவான் குடுத்த ரத்தத்தை ஏத்தினாங்க. அந்தக் கை என் கட்டவெரல் தண்டிதான் இருக்கும், அதுல ஊசி. நான் அந்தக் கண்ணாடி வழியா பாத்துட்டு நின்னேன்.

இன்னொருக்கா இப்படி வந்தா தாங்க மாட்டான்னு டாக்டர் தரணிகிட்டச் சொல்லியிருக்கறாரு. என்கிட்டச் சொல்லலை. ஆனா எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.

எதனால வந்துச்சுன்னு டாக்டருக்குத் தெரியலை. எனக்குத் தெரியும். பல்லிங்க.

சிரிக்காதீங்க. செவுத்துல ஓடற பல்லி இல்லை. அதுன்னா நம்மூருப் பல்லி, நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை சொல்லிட்டு டியூப்லைட்டுக்குப் பின்னாடி போயிரும். இது மருமக வளத்தறது. லெப்பர்ட் கெக்கோவாம். ஒரு சாண் நீளம், மஞ்சத் தோலு, மேலெல்லாம் சிறுத்தையாட்டம் கறுப்புப் புள்ளி. பூந்தின்னு பேரு வெச்சிருக்கறா. திங்கற பண்டத்துப் பேரை ஒரு பல்லிக்கு வெப்பாங்களா? அதுக்கப்புறம் நான் பூந்தியே வாங்கறதில்லை. கண்ணாலமாகி வர்ற புள்ளைங்க பீரோ கொண்டாரும், கட்டில் கொண்டாரும். எங்க மருமக கண்ணாடித் தொட்டியில பல்லி கொண்டாந்தா. சம்பந்தி அதைக் கோயமுத்தூர்ல இருந்து மடியில வெச்சுட்டுக் காருல வந்தாரு. ஒறம்பரை சனமெல்லாம் எட்டி எட்டிப் பாக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க?

அது வாயே தெறக்காது. பல்லின்னா கத்தோணுமுல்ல? இது கத்தாது. ஆனா கண்ணைச் சிமிட்டும். பல்லி கண்ணு சிமிட்டிப் பாத்திருக்கீங்களா? நம்ம பல்லிக்கு இமையே கிடையாதுங்க. இது மனுசனாட்டம் மெதுவா மூடித் தெறக்கும். வாய் ஓரம் எந்நேரமும் சிரிச்சாப்புலயே இருக்கும். நான் தனியா அந்த ரூமுக்குள்ள போனா என்னையே பாத்துட்டு இருக்கும். என்னமோ தெரிஞ்ச மாதிரி.

எனக்கு மூடநம்பிக்கை எல்லாம் கிடையாது, அதைச் சொல்லிர்றேன். பல்லி விழுந்த பலன் காலண்டருக்குப் பின்னாடி போட்டிருப்பான், அதைப் பாப்பேன். அது எல்லாருந்தான் பாக்கறது.

மருமக கெட்ட புள்ளை இல்லை. நிரஞ்சனான்னு பேரு. தாயில்லாப் புள்ளை, அதனாலதான் தலைப்பிரசவத்தை எங்கூட்டுலயே வெச்சுக்கிட்டோம். என் சம்சாரமும் போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. பொம்பளை இல்லாத வூட்ல ஒரு பிரசவத்தைப் பாக்கறதுன்னா லேசா? குளிப்பாட்ட ஒரு அம்மா வந்துட்டுப் போகும். மத்ததெல்லாம் நான்தான். பத்தியச் சோறு நான் பொங்கினேன். தொட்டில் நான் கட்டினேன். அந்தப் புள்ளைக்கு ஒரே ஒரு கொறைதான், புடிச்சா புடி. பல்லித் தொட்டியை ஹாலுக்கு மாத்தும்மான்னா கேக்கலை. “மாமா, அதுக்கு சூடு ஒரே அளவா இருக்கணும், இடத்தை மாத்தினா பயந்துக்கும். அது யாரையும் ஒண்ணும் பண்ணாது”ங்கறா. என் பையனும் அதையே சொல்றான். பச்சைக் கொழந்தை தொட்டில் ஒரு பக்கம், எட்டு அடி தள்ளி அந்தச் சனியன். எனக்கு ராத்திரியில தூக்கம் புடிக்குமா?

நான் பாத்தேன். இவங்க பாக்கலைன்னா என்ன, நான் இருக்கறேன்ல.

என்னை ஊருக்குள்ள கோடவுன் சிகாமணின்னாத்தான் தெரியும். பெரிய ஜவுளிக்கடை, பேர் வேண்டாம் விடுங்க, அதுல சரக்கு மொத்தமும் என் கையில இருந்துச்சு. பட்டு, கம்பளி, சால்வை. மழைக்காலத்துல மத்த கோடவுன்ல பூச்சி அரிச்சு அரிச்சுக் கொட்டும். என் கோடவுன்ல ஒரு நூல் போனதில்லை. மொதலாளி கேப்பாரு, என்னடா சிகாமணி பண்றேன்னு. அந்துருண்டைதானுங்க. வேற ஒரு மந்திரமும் இல்லை. மூலைக்கு மூலை, மடிப்புக்கு மடிப்பு. அந்த வாசம் இருக்கற எடத்துல ஈ காக்கா வராது. வேலைக்குப் போன காலம் முழுக்க அந்த வாசத்துலயே கெடந்தேன், என் சட்டைப் பையில எப்பவும் ஒண்ணு கெடக்கும். என் சம்சாரம் சொல்லுவா, நீங்க செத்தா உங்களைப் புழுகூட அண்டாதுன்னு.

மருமக வந்த புதுசுல, மாமா வர்றதுக்கு முன்னாடி வாசம் வந்துருதுன்னு சிரிப்பா. முழுகாம இருக்கையில அந்த வாசத்துக்கு வாந்தி வருதுன்னா. தரணி வந்து என் பீரோ, பொட்டி எல்லாத்தையும் காலி பண்ணிட்டுப் போயிட்டான். கேக்கக்கூட இல்லை. என் பீரோவை! சரி, மாசமா இருக்கற புள்ளைன்னு வாயை மூடிக்கிட்டேன். ஒரே ஒரு டப்பா மட்டும் பரணுக்கு மேல அவன் கண்ணுல படாம இருந்துச்சு.

அதைத்தான் எடுத்தேன். மருமக குளிக்கப் போன நேரம் பாத்து, ஒரு துணியில ஒரு கைப்புடி முடிஞ்சு, பல்லித் தொட்டிக்குப் பின்னால, காத்துப் போற சல்லடைகிட்ட வெச்சேன். பல்லிக்கு அந்த வாசம் ஆகாது, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தானா வாடி வதங்கினா, இல்லை இந்த வூடே வேண்டாம்னு அதுவா அடம்புடிச்சா, மருமகளே கொண்டுபோய் விட்டுருவா. நான் கெட்ட பேரெடுக்க வேண்டியதில்லை பாருங்க.

அதோட விடலை. ஒருவேளை அது தப்பிச்சு வெளிய வந்து தொட்டில்ல ஏறினா? கொழந்தை மெத்தைக்கடியில நாலு மூலைக்கும் வெச்சேன். என் சம்சாரத்தோட நூல் சேலைங்க ஒரு பொட்டி நெறைய இருக்குது. நைஞ்ச சேலை, பச்சைக் கொழந்தைக்கு அதைவிட மெத்துன்னு எது இருக்குது? தொட்டில் கட்டினதும் அதுலதான், சுத்திப் படுக்க வெக்கறதும் அதுலதான். அவ பேரனைப் பாக்காமப் போயிட்டா. அவ சேலையாவது அவனைத் தொடட்டும்னு ஒரு ஆசை. தரணி பொட்டியைக் காலி பண்ணினான்ல, அந்தச் சேலைக்கெல்லாம் நான் மறுபடியும் உருண்டை போட்டு வெச்சேன். பூச்சி அரிச்சுட்டா திரும்பி வருமா அந்தச் சேலை?

மருமக கேட்டா, மாமா சேலையில வாசம் வருதேன்னு. தொவைச்சுட்டேன் சாமி, மூணு வருச வாசம் தொவைச்சாலும் போகாதுன்னேன். தொவைக்கலைங்க. தொவைச்சாக் கிழிஞ்சு போயிரும். அவளுக்கும் அப்ப சளி புடிச்சு மூக்கடைப்பு, அதுக்கு மேல கேக்கலை.

என்னங்க? இருங்க, சொல்லி முடிச்சர்றேன். வேடிக்கையே இனிமேத்தான்.

அந்த வாரமே பூந்தி இரை எடுக்கறதை நிறுத்திருச்சு. அது திங்கறது உசிரோட இருக்கற புழு. டப்பாவுல வளத்தறா, தவிட்டுல நெளியும், கண்ணால பாக்க முடியாது. இடுக்கியில புடிச்சு மூஞ்சிகிட்டக் காட்டுவா. முந்தியெல்லாம் வாலை ஆட்டிட்டு லபக்குன்னு புடிக்கும். இப்ப மூஞ்சியைத் திருப்பிக்குது. புழு அதும்மேலயே ஏறி ஊருது, அப்படியே படுத்துக் கெடக்குது. வாலுதான் அதுக்குச் சேமிப்பாம். கொழுத்த வாலு, அது இளைச்சு இளைச்சு ஈர்க்குச்சியாட்டம் ஆயிருச்சு. மருமக கைக்கொழந்தையை மடியில வெச்சுட்டு அந்தத் தொட்டியைப் பாத்து அழுகறா. கொழந்தை பால் சரியாக் குடிக்கலைன்னு ஒரு அழுகை, பல்லி புழு திங்கலைன்னு ஒரு அழுகை.

ஆமாங்க, ரெண்டும் ஒரே வாரந்தான். நீங்க கரெக்டாப் புடிச்சீங்க. இதை நான் சொன்னப்ப வூட்ல ஒருத்தரும் காதுல வாங்கலை.

கோயமுத்தூர்ல பிராணி டாக்டர் ஒருத்தருகிட்ட போன்ல பேசினா. பக்கத்துல மருந்து அடிச்சீங்களா, கொசுவத்தியா, ஏதாவது வாசமான்னு அந்தாளு கேட்டிருக்கறான். போனை வெச்சுட்டு நேரா என்கிட்ட வந்தா. “மாமா, நீங்க ஏதாவது வெச்சீங்களா?”

எப்படிக் கேக்கறா பாருங்க! மாமனாரைப் பாத்து! எனக்கு சுருக்குன்னு ஏறிருச்சு. “நான் ஒரு புழுவுக்குப் பகையா நிப்பனா அம்மிணி? உன் பல்லியைக் கொல்லற அளவுக்கு நான் எறங்கிட்டனா?”ன்னு கேட்டுட்டு அன்னைக்குச் சோறே திங்கலை. தரணி ஆபீசுல இருந்து வந்து விசயம் தெரிஞ்சு அவளைச் சத்தம் போட்டான். அவ வந்து என் கட்டில்கிட்ட நின்னு, “தப்பா நெனைச்சுக்காதீங்க மாமா, சாப்பிடுங்க”ன்னு தட்டை நீட்டினா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் போச்சு. ஆனா அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுட்டு ஆமா நான்தான்னு சொல்றது? வூட்ல பெரிய மனுசன் ஒரு வார்த்தை சொன்னா அது நிக்கோணும்.

அப்பறம் கொழந்தை மஞ்சளாயிட்டான், இங்க வந்தோம், தேறினான், திரும்பப் போனோம், மறுபடியும் படுத்துட்டான். அதுதான் சொன்னேனே.

இந்தத் தடவை டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. சின்னப் பையன், மீசை கூட ஒழுங்கா மொளைக்கலை. போலீஸ் ஸ்டேசன்லயாட்டம் கேள்வி. சொந்தத்துல கட்டினதா? நாட்டு மருந்து குடுத்தீங்களா? தாய் என்ன மாத்திரை திங்கறாங்க? எல்லாத்துக்கும் மருமக பதில் சொல்லிட்டு வர்றா. திடீர்னு, “வீட்ல அந்துருண்டை ஏதாவது வெச்சிருக்கீங்களா? தொட்டில்ல, துணியில?”ங்கறாரு.

எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. இது அவ சொல்லிக்குடுத்த கேள்வி. இல்லைன்னா கொழந்தை டாக்டருக்கு அந்துருண்டையைப் பத்தி எதுக்குங்க? பல்லி பட்டினி கெடக்கறதுக்குக் காரணம் நான்தான்னு நிரூபிக்கோணும் அவளுக்கு. வூட்ல கேட்டு நடக்கலை, இப்ப டாக்டரை வெச்சு வாயைப் புடுங்கறா. படிச்ச புள்ளைங்க சூட்சுமமே தனி.

“மாமா பீரோவுல இருந்துச்சு டாக்டர், பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டோம்”னு சொல்லிட்டு என்னைப் பாக்கறா. டாக்டரும் பாக்கறாரு. தரணியும் பாக்கறான். “சில கொழந்தைங்களுக்கு அந்த வாசமே ஆகாதுங்க பெரியவரே, ரத்தம் உடைஞ்சுரும். உசிருக்கே ஆபத்து. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க”ங்கறாரு. கதை விடறாரு பாருங்க! முப்பது வருசம் அதுக்குள்ளயே பொழங்கினவன் நான், எனக்கு ரத்தம் உடையலையே? என் கோடவுன்ல வேலை செஞ்ச ஒருத்தனுக்காவது உடைஞ்சுதா? “வூட்ல ஒண்ணுகூட இல்லைங்க”ன்னேன். சத்தியமான்னு கேக்கலை, கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். டாக்டரு எழுதிக்கிட்டாரு. என்னமோ டெஸ்ட்டுக்கு ரத்தம் அனுப்பியிருக்குதாம், வரட்டும், பாக்கலாம்னாரு. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளின்னு ஒரு சொலவடை இருக்குதுல்ல, அந்தக் கதைதான். எல்லாம் தெரிஞ்ச மாதிரி உக்காந்து பேசறது, கண்ணு முன்னாடி இருக்கறது தெரியறதில்லை.

ஏனுங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு உங்களுக்கு? தண்ணி குடிங்க. காலையில இருந்து ஒண்ணும் திங்கலையா? அட, இருங்க அம்மிணி, ஒரு நிமிசம், நீங்க சொல்ல வர்றதை அப்பறம் சொல்லுங்க. நான் நல்ல விசயத்துக்கு இப்பத்தான் வர்றேன்.

நான் அன்னைக்கே தரணியைத் தனியாக் கூப்பிட்டேன். டேய், அது பட்டினி கெடக்குது, உன் புள்ளை பால் குடிக்க மாட்டேங்கறான். ரெண்டும் சேந்து வாடுது. ஒரு கூரைக்கடியில ரெண்டும் இருந்தா ஒண்ணுதான் மிஞ்சும். உனக்கு எது வேணும்னு கேட்டேன். பையன் ஆடிப் போயிட்டான். மருமகளுக்கும் அதுக்கு மேல பேசத் தெம்பில்லை, சரின்னுட்டா. அவ சிநேகிதி ஒருத்தி வந்து தொட்டியோட தூக்கிட்டுப் போயிட்டா. போகையில அந்தப் பல்லி என்னைப் பாத்துக் கண்ணை மூடித் தெறந்துச்சு, பாருங்க. ஆள் பாக்கறதுக்கு முன்னாடி பின்னால இருந்த முடிச்சை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

போன மறுநாளே சிநேகிதி போட்டோ அனுப்பறா. பூந்தி புழு திங்குதாம்! ஒண்ணு ரெண்டில்லை, போடப் போடத் திங்குதாம். மருமக அதைப் பாத்துச் சிரிச்சா, ரொம்ப நாளைக்கப்புறம். எனக்கு சிரிப்பு வரலை. எங்கூட்ல செத்த மாதிரிக் கெடந்தது, வூட்டை விட்டுப் போனதும் எப்படித் திங்குது? எங்க கொழந்தையோட ரத்தத்தைக் குடிச்சுட்டுப் போயிருக்குது. வேற என்னங்க அர்த்தம்?

பல்லி போச்சு, இங்க பேரனும் தேறிட்டான். மொகத்துல மஞ்ச எறங்கி, நல்லா இழுத்துப் பால் குடிக்கறானாம். மொதத் தடவையும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில இருந்தா நல்லாயிருக்கறான், வூட்டுக்கு வந்தாப் படுத்துக்கறான். அப்ப வூட்லதானே என்னமோ இருக்குதுன்னு ஆகுது? இது ஒரு சின்னக் கணக்குத்தானுங்க, டாக்டருக்குப் புரியலை.

காலையில நான் வூட்டுக்குப் போய் அந்த ரூமைக் கழுவி விட்டேன். பல்லி இருந்த எடத்துல அதோட சீக்கு ஏதாவது ஒட்டிட்டு இருந்தா? அந்துருண்டை டப்பாவுல மிச்சம் இருந்ததெல்லாத்தையும் கொட்டிட்டேன். மெத்தைக்கடியில, தலகாணி ஒறைக்குள்ள, தொட்டில் முடிச்சுல. ஜன்னலைச் சாத்தி வெச்சுட்டு வந்திருக்கறேன், வாசம் போயிறக் கூடாதுல்ல. இனி எந்தச் சீக்கும் எங்க சாமி கிட்ட வராது. ஆயிரம் டாக்டரு பாத்தாலும், தாத்தன் பாக்கறாப்புல வருமா?

அதா, கதவு தெறக்குது. எங்களைத்தான் கூப்பிடறாங்க. ஆமாங்க நர்சம்மா, நிரஞ்சனா கொழந்தைதான். துணியா? இந்தாங்க, கையோட கொண்டாந்திருக்கறேன். அவங்க பாட்டி சேலை. தலையோட சேத்து நல்லா இறுக்கிச் சுத்துங்க, மூஞ்சியில காத்துப் படக்கூடாது.

ஏனுங்க அம்மிணி, எங்க ஓடறீங்க? உங்களைக் கூப்பிடலை, எங்களைத்தான் கூப்பிட்டாங்க. கதவை அப்படிப் போட்டுத் தட்டாதீங்க, வைவாங்க! டாக்டரா? அவரு எதுக்குங்க இப்ப, அதான் அனுப்பறேன்னுட்டாங்களே? அம்மிணி, நில்லுங்க, ஒரு வார்த்தை! உள்ள மருமக நிக்கறா. கூடப் பொறந்த பொறப்பா நெனைச்சு உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பல்லிக்கு நான் வெச்சதை மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க!